ஒரு முஷ்டி உயரத்தில் துருவம்: நெல்லைச் சீமையில் வானம் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

வானம் பார்க்கக் கற்றுத்தரும் எந்தப் புத்தகத்தையோ வீடியோவையோ எடுத்தாலும் முதல் பாடம் பெரும்பாலும் ஒன்றுதான். வடக்கே திரும்பி நில்லுங்கள், துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடியுங்கள், சப்தரிஷி மண்டலம் மறையாமல் இரவு முழுக்க அதைச் சுற்றிவருவதைப் பாருங்கள் என்பார்கள். பாளையங்கோட்டை மொட்டைமாடியில் நின்று இதைச் செய்து பாருங்கள். துருவ நட்சத்திரம் கண்ணில் படாது. சப்தரிஷி மண்டலம் ஆகஸ்ட் தொடங்கிப் பிப்ரவரி பாதிவரை இரவு 9 மணிக்கு முழுதாக இருக்காது. இருக்கிற மாதங்களிலும் மற்ற நட்சத்திரங்களைப் போலவே உதித்து மறைந்துவிடும்.

பார்ப்பவர்மேல் தப்பில்லை. அந்தப் பாடம் 40, 50 டிகிரி வடக்கே இருக்கும் ஊர்க்காரர்களுக்காக எழுதியது. திருநெல்வேலி இருப்பது 8.7 டிகிரி வட அட்சரேகையில். இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் போதும், நம் வானத்தில் எது எங்கே நிற்கும், எது தெரியாது, ஏன் தெரியாது என்பதை நாமே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

கணக்குக்கு அளவுகோல் வேண்டும். அது கையிலேயே இருக்கிறது. கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். சுண்டுவிரலின் அகலம் சுமார் 1 டிகிரி. நடு மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் 5. மூடிய முஷ்டி 10. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நன்றாக விரித்தால் 20 முதல் 25. முழு நிலா எவ்வளவு பெரிதாகத் தோன்றினாலும் அரை டிகிரிதான், சுண்டுவிரலால் இரண்டு நிலாவை மறைக்கலாம். கை சிறிதான பிள்ளைகளுக்கும் இந்த அளவு ஏறக்குறையப் பொருந்தும், ஏனென்றால் அவர்கள் கையின் நீளமும் குறைவு. முழங்கையை மடக்கினால் மட்டும் கணக்குக் கெட்டுவிடும்.

இப்போது 8.7-க்கு வருவோம். பூமியின் அச்சை வடக்கே நீட்டினால் அது வானத்தில் தொடும் புள்ளிதான் வானத்தின் வட துருவம். துருவ நட்சத்திரம் அதிலிருந்து முக்கால் டிகிரிக்கும் குறைவான தூரத்தில் நிற்கிறது. பூமியின் வட துருவத்தில் நிற்பவருக்கு அது நேர் உச்சியில், 90 டிகிரியில். நிலநடுக்கோட்டில் நிற்பவருக்கு அடிவானத்தில், 0 டிகிரியில். நடுவில் எங்கே நின்றாலும் அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில் அது நிற்கும். வடக்கே சுமார் 111 கிலோமீட்டர் போனால் ஒரு டிகிரி ஏறும். இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்குகிறவருக்குத் துருவம் நாலு டிகிரிக்குச் சற்று மேலே உயர்ந்திருக்கும். லண்டனில் அது 51 டிகிரி, அதாவது ஐந்து முஷ்டி. நமக்கு ஒரு முஷ்டிகூட முழுசாக இல்லை.

அவ்வளவு தாழ்விலிருந்து வரும் ஒளி, நேர் உச்சியிலிருந்து வருவதைவிட ஆறு மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். தூசியும் ஈரமும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், கால்வாசி மிஞ்சினாலே அதிகம். போதாக்குறைக்குத் துருவ நட்சத்திரம் பிரகாசத்தில் நடுத்தரம்தான். வானத்திலேயே பிரகாசமானது அதுதான் என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அது தவறு. எனவே அதைப் பார்க்க வேண்டுமென்றால் உங்களுக்கு வடக்கே ஊர் வெளிச்சமோ மரமோ இருக்கக் கூடாது. நாங்குநேரியில் நின்று வடக்கே பார்த்தால் திருநெல்வேலியின் வெளிச்சம்தான் தெரியும்.

ஏப்ரல் கடைசி வாரம், இரவு 9 மணிதான் இதற்கு நல்ல நேரம். அப்போது சப்தரிஷி மண்டலம் வடக்கே நன்றாக ஏறியிருக்கும். அதன் ஏழு நட்சத்திரங்களும் அகப்பை வடிவில் இருக்கும். அந்த அகப்பையின் கிண்ணம் போன்ற பகுதியில், பிடிக்கு எதிர்ப்புற விளிம்பாக நிற்கும் இரண்டு நட்சத்திரங்களைப் பிடியுங்கள். இரண்டுக்கும் இடையே மூன்று விரல் அகலம். அந்தக் கோட்டைக் கீழ்நோக்கி அதே அளவில் ஐந்து மடங்கு நீட்டினால், அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் தனியாக ஒரு மங்கல் புள்ளி நிற்கும். அதுதான் துருவம். அரை மணி கழித்துப் பாருங்கள், மற்றதெல்லாம் நகர்ந்திருக்கும், அது மட்டும் அங்கேயே நிற்கும்.

அப்படியே அகப்பைப் பிடியின் நடு நட்சத்திரத்தையும் பார்த்துவிடுங்கள். அது வசிட்டர். ஒட்டினாற்போல் நிற்கும் சிறு புள்ளி அருந்ததி. இரண்டுக்கும் இடைவெளி நிலவின் அகலத்தில் பாதிக்கும் குறைவு. கல்யாணத்தில் பகல் பத்து மணிக்கு ஐயர் கைகாட்ட, மாப்பிள்ளையும் பெண்ணும் தலையாட்டிவிட்டு வந்த அந்த அருந்ததியை உண்மையிலேயே பார்க்க வேண்டுமென்றால் மார்ச் முதல் ஜூலை வரை முன்னிரவில்தான் முடியும்.

துருவம் தாழ்ந்து நிற்பதால் வானம் சுழலும் விதமும் மாறுகிறது. வட துருவத்தில் நிற்பவருக்கு வானம் செக்கு சுற்றுவதுபோலத் தலைக்குமேல் கிடையாகச் சுற்றும், எதுவும் உதிக்காது, எதுவும் மறையாது. நமக்கு அது மாட்டுவண்டிச் சக்கரம். அச்சு வடக்கு தெற்காக ஏறக்குறையக் கிடையாகக் கிடக்கிறது, சக்கரம் கிழக்கிலிருந்து மேற்காக உருள்கிறது. நட்சத்திரங்கள் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறி, நெட்டுக்குத்தாக இறங்கும். சூரியனும் அப்படியே விழுவதால்தான் நம்மூரில் அந்தி சட்டென்று முடிந்துவிடுகிறது. சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருட்டு. லண்டனில் ஜூன் மாதம் இரவு முழுக்க இந்த முழு இருட்டு வருவதே இல்லை.

இதில் கிடைக்கும் பெரிய லாபம், வேட்டைக்காரன் (ஓரியன்) மண்டலத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள். பூமியின் நிலநடுக்கோட்டை வானத்துக்கு நீட்டினால் வருவது வான நடுக்கோடு, அவை அதை ஒட்டியே இருக்கின்றன. அதனால் நேர் கிழக்கில் உதித்து, உச்சிக்கு ஒரு முஷ்டி தெற்காகக் கடந்து, நேர் மேற்கில் மறையும். போன் திசைகாட்டியைவிட நம்பகமானது. போன் திசைகாட்டி பைக் பக்கத்திலும் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் மாடியிலும் இருபது முப்பது டிகிரிகூடத் தப்பு சொல்லும்.

பகலிலும் இந்த எண்ணைச் சோதிக்கலாம். ஏப்ரல் 12, ஆகஸ்ட் 31 வாக்கில் சூரியன் வான நடுக்கோட்டுக்கு 8.7 டிகிரி வடக்கே இருக்கும், நம் நேர் உச்சி வழியாகக் கடக்கும். அன்று பகல் 12.20 சுமாருக்குச் சமதரையில் ஒரு எவர்சில்வர் டம்ளரை நிமிர்த்தி வையுங்கள். நிழல் அடிக்குள் ஒடுங்கிவிடும். கடிகாரம் 12 அடிக்கும்போது செய்தால் மேற்கே சிறு நிழல் இருக்கும். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு ஐந்து டிகிரி மேற்கே இருக்கிறோம், டிகிரிக்கு நாலு நிமிடம் வீதம் நம் நடுப்பகல் இருபது நிமிடம் பின்தங்குகிறது. அந்த இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட நாட்களில் உச்சி நிழல் தெற்கே விழும்.

தெற்குதான் நம் சொத்து

வடக்கே இழந்ததைவிடத் தெற்கே கிடைப்பது அதிகம். வடக்கத்திப் புத்தகங்களில் இல்லாத வானம் அது, நம்மூர்க்காரர்கள் பாதிப்பேர் திரும்பிப் பார்க்காத வானமும் அதுதான்.

பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே திரும்பி நில்லுங்கள். தலைக்குமேல் சற்று முன்னால், 65 டிகிரி உயரத்தில் வெள்ளையாக மின்னுவது சிரியஸ், இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம். அதற்கு நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். அடுத்த பிரகாசமான நட்சத்திரம் தனியாக நிற்கும். அதுதான் அகத்தியர், மேல்நாட்டார் கெனோபஸ் என்பது. சுமார் 310 ஒளியாண்டு தூரம். வடக்கிலிருந்து வந்து பொதிகையில் தங்கிவிட்ட முனிவரின் பெயரை இதற்கு வைத்தவர்கள் வானத்தை ஒழுங்காகப் பார்த்தவர்கள்தான். இந்த நட்சத்திரம் வடக்கே போகப் போகத் தாழ்ந்து, 37 டிகிரிக்கு மேலே அடியோடு காணாமல் போகும்.

உயரத்தைக் கணக்கிடுவது எளிது. அகத்தியர் வான நடுக்கோட்டுக்கு 52.7 டிகிரி தெற்கே இருக்கிறார். 90-இலிருந்து நம் 8.7-ஐயும் அந்த 52.7-ஐயும் கழியுங்கள். 28.6 வரும். மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு. டெல்லியின் 28.6-ஐப் போட்டுப் பாருங்கள், 8.7 வரும். நமக்குத் துருவ நட்சத்திரம் எவ்வளவு தாழ்வோ, அவர்களுக்கு அகத்தியர் அவ்வளவு தாழ்வு. பாளையங்கோட்டையிலிருந்து பார்க்கிறவருக்கு அவர் நாங்குநேரிக்கும் களக்காட்டுக்கும் இடைப்பட்ட திசையில் இறங்குவார்.

அடுத்தது தென் சிலுவை. இது நேர் தெற்கில் நிமிர்ந்து நிற்கும் நேரம் மார்ச் முதல் வாரத்தில் அதிகாலை 2 மணி, ஏப்ரல் முதல் வாரத்தில் நள்ளிரவுக்குச் சற்று முன், மே நடுவில் இரவு 9 மணி. ஒரு மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வரும். எல்லா நட்சத்திரத்துக்கும் இதே கணக்கு, நாளுக்கு நாலு நிமிடம். சிலுவையின் அடி நட்சத்திரம் 18 டிகிரி உயரம், தலை நட்சத்திரம் 24.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். மெய்ச் சிலுவை ஏறுவதற்கு மூன்றரை மணி நேரம் முன்பே, அதே உயரத்தில், அதே வடிவத்தில் இன்னொரு நாலு நட்சத்திரக் கூட்டம் தெற்கைக் கடக்கும். பொய்ச் சிலுவை என்பார்கள். அது அளவில் பெரிது, மங்கல். மார்ச்சில் இரவு 9 மணிக்கே சிலுவையைப் பார்த்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் அவர் பார்த்தது பெரும்பாலும் இதைத்தான். பிரித்தறிய வழி இருக்கிறது. மெய்ச் சிலுவைக்கு இடப்பக்கம், அதாவது கிழக்கே, இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் வழிகாட்டிபோல நிற்கும். பொய்ச் சிலுவைக்கு அப்படி எதுவும் இல்லை. அந்த இரண்டில் சிலுவைக்குத் தள்ளி நிற்பதுதான் ஆல்பா சென்டாரி, சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரக் குடும்பம், 4.4 ஒளியாண்டுக்குள்.

சிலுவையின் நெடுங்கோட்டைத் தலையிலிருந்து அடிவழியாக நாலரை மடங்கு நீட்டினால் வானத்தின் தென் துருவம் வரும். நம்மூரில் அந்தக் கோடு தரைக்குள் புகுந்துவிடும். வட துருவம் 8.7 டிகிரி மேலே இருந்தால் தென் துருவம் 8.7 டிகிரி கீழேதானே இருக்கும். சிலுவை நேராக நின்ற ஒரு மணி நேரம் கழித்து, அதே தெற்கில், மூன்றரை முஷ்டி உயரத்தில் பைனாகுலரை வையுங்கள். பஞ்சுத் துணுக்குபோல ஒன்று தெரியும். அதுதான் ஒமேகா சென்டாரி. சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் அடைந்த கொத்து, தூரம் ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு. நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தட்டுப்படும். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு இது தெரியவே தெரியாது.

சுவரில் தொங்கும் வரைபடம்

நட்சத்திரப் பெயர்களைப் படிக்கச் செயலிகள் உண்டு, ஸ்டெல்லேரியம் நல்லது. அதற்கு முன் வீட்டுத் தினசரி காலண்டரைப் பாருங்கள். அதில் இன்றைய நட்சத்திரம் என்று போட்டிருப்பது, நிலா இன்று வானத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதைத்தான். வானவட்டத்தை 27 பங்காக்கினால் பங்குக்குச் சுமார் 13.3 டிகிரி. நிலா நாளுக்கு ஒரு பங்கு நகர்கிறது. காலண்டரில் ரோகிணி என்றால் அன்று நிலவிலிருந்து ஒரு முஷ்டி சுற்றளவில் தெரியும் செம்மஞ்சள் நட்சத்திரம்தான் ரோகிணி. மகமும் சித்திரையும் இப்படியே கிடைக்கும். கார்த்திகை தீபத்தன்று முழுநிலாவுக்குப் பக்கத்தில் பைனாகுலர் வைத்தால் கார்த்திகைக் கூட்டம் கிடைக்கும். வெறும் கண்ணுக்கு நிலா வெளிச்சம் விடாது.

இரண்டு இடத்தில் சறுக்கும். காலண்டரில் ‘ரோகிணி பகல் 2.10 வரை’ என்று இருந்தால் இரவில் நிலா அடுத்த நட்சத்திரத்துக்குப் போயிருக்கும், அந்த நேரக் குறிப்பைப் படியுங்கள். இன்னொன்று, எல்லா நட்சத்திரமும் நிலாப் பாதையில் இல்லை. சுவாதி பாதையிலிருந்து மூன்று முஷ்டி வடக்கே, திருவாதிரை ஒன்றரை முஷ்டி தெற்கே. அந்த நாட்களில் நிலா பக்கத்தில் தேடினால் கிடைக்காது.

நாளும் இடமும்

ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை, வானம் கிடைப்பதே அதிர்ஷ்டம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் மேகம். கிழக்கே மழை இல்லாவிட்டாலும் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆடிக் காற்று எந்த ஸ்டாண்டையும் நடுங்கவைக்கும், புழுதி வேறு. தை முதல் பங்குனி வரைதான் நம் பருவம். அதிலும் அமாவாசைக்கு மூன்று நாள் முன்னும் பின்னும்.

தெற்கு வானத்துக்குக் கடற்கரை நல்லது. உவரியிலோ மணப்பாட்டிலோ தெற்கே கடல்தான். மணப்பாட்டில் கலங்கரை விளக்கத்துக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். கடலோரத்தில் அடிவானத்திலிருந்து ஐந்து டிகிரி வரை உப்பு மூட்டம் இருக்கும், அதற்குள் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அந்த மட்டத்தில் மெல்ல ஆடும் வெள்ளைப் புள்ளி படகு விளக்கு. ராதாபுரம், பணகுடிப் பக்கம் சிவப்பாக விட்டுவிட்டு மின்னுவது காற்றாலை. உள்நாட்டில் திசையன்விளை, சாத்தான்குளம் சுற்றியுள்ள தேரிகள் (செம்மணல் மேடுகள்) இருட்டாகவும் திறந்தவெளியாகவும் இருக்கும். ஆனால் சுருட்டைவிரியன் நடமாடும் மணல் அது. செருப்பில்லாமல் இறங்க வேண்டாம், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பாய் விரியுங்கள். வனத்துறைப் பகுதியாக இருந்தால் அனுமதி கேட்க வேண்டும். பாபநாசம், மணிமுத்தாறு மலைமேல் இரவில் தங்கும் யோசனையே வேண்டாம், அது புலிகள் காப்பகம். மலையடிவாரத்தில் மேற்கு வானமும் பாதி மறைந்துவிடும்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் திரும்ப ஆரம்பத்திலிருந்து. டார்ச்சின் முகப்பில் சிவப்பு செலோபன் தாளை மூன்று மடிப்பாகக் கட்டி ரப்பர்பேண்டு போடுங்கள். ஒரு மடிப்பு போதாது, எல்இடி வெளிச்சம் ஊடுருவிவிடும். மங்கலானதைப் பார்க்கும்போது நேராக முறைக்காமல் சற்றுப் பக்கத்தில் பாருங்கள், விழியின் ஓரம்தான் மங்கல் ஒளியை நன்றாக உணரும்.

கருவி வாங்குவதென்றால் முதலில் பைனாகுலர், 7×50 அல்லது 10×50. முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். இருபது மடங்கு என்று ஆசைப்பட்டு வாங்கினால் கை நடுக்கமும் இருபது மடங்காகும். நார்க்கட்டிலில் மல்லாந்து படுத்து, முழங்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டால் வியாழனின் நாலு நிலவுகளும் அசையாமல் தெரியும். சூரியன் பக்கம் மட்டும் எந்தக் காரணத்துக்கும் திருப்பாதீர்கள், கண் ஒரு நொடியில் போய்விடும்.

டெலஸ்கோப் டப்பாவில் 525 மடங்கு என்று அச்சடித்திருந்தால் அதை நம்ப வேண்டாம். உபயோகப்படும் பெருக்கம் விட்டத்தைப்போல இரண்டு மடங்குதான், 70 மில்லிமீட்டர் என்றால் 140. அதைவிட முக்கியம் தாங்கி. அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்த்துவைக்கும் ‘ஈக்வடோரியல்’ தாங்கிகள் வடநாடுகளை மனதில் வைத்துச் செய்தவை. பல மலிவு மாடல்களில் சாய்வு அளவு 15 அல்லது 20 டிகிரிக்குக் கீழே இறங்காது. நமக்கு 8.7 வேண்டும். வலிந்து இறக்கினால் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும், சில சமயம் மொத்தமும் கவிழும். துருவ நட்சத்திரமே தெரியாத மாடியில் அச்சை எதற்கு நேராக வைப்பது என்பது தனிச் சிக்கல். நம்மூருக்கு மேலே கீழே, இடம் வலம் திரும்பும் சாதாரணத் தாங்கியோ, தரையில் உட்காரும் டாப்சோனியன் வகைத் தாங்கியோ போதும். சுழல்வட்ட நட்சத்திர வரைபடம் வாங்கினாலும் அதன்மேல் அச்சடித்திருக்கும் அட்சரேகையைப் பாருங்கள். 10 டிகிரி என்றிருந்தால் எடுங்கள். 40 என்றிருந்தால் அதில் அகத்தியரே இருக்கமாட்டார்.

தை, மாசிப் பனியில் கண்ணாடியில் நீர் படியும். வேட்டி முனையால் துடைத்தால் தூசி உராய்ந்து பூச்சு கீறிவிடும். அட்டையைச் சுருட்டி, முன்பக்கம் ஒரு சாண் நீளும்படி குழலாக மாட்டினால் பனி தாமதமாகத்தான் படியும். படிந்துவிட்டால் மூடி போடாமல் வீட்டுக்குள் காற்றாட வைத்து, தானாகக் காய்ந்தபின் உறையில் போடுங்கள்.